தோலுக்கு ரோடு போடுகிற வேலை

சர்க்... சர்க்... சர்க்...

போன வாரம் ஒரு ராத்திரி இந்தச் சத்தம் கேட்டு முழித்துக்கொண்டேன். எலி என்றால் நடுநடுவே ஓடும். இது ஓடவில்லை. யாரோ பொறுமையாகத் தேங்காய் துருவுகிற மாதிரி ஒரே இடத்தில், ஒரே தாளத்தில் கேட்டது. வீட்டுக்காரருக்குச் சென்னைப் பக்கம் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். மகள் ஷைனி படுத்திருந்த இடம் காலி.

பாத்ரூமில் லைட் எரிந்தது. யு.கே.ஜி. படிக்கிற ஐந்து வயசுக் குழந்தை. பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, நான் குதிகால் தேய்க்கிற கல்லால் தன் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் வழன்று, ரத்தம் பொடிப்பொடியாக நின்றது. அழவே இல்லை. நான் போட்ட கூச்சலுக்கு நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"ரோடு போட்டுக்கினு இருக்கேன் மம்மி. பழசச் சுரண்டினாத்தான புதுசு வரும்?"

அது என் வசனம். சுருக்கிச் சொன்னாலும் என்னுடையது. அழகு சிகிச்சைத் தொழிலில் மெஷின், மருந்து, டாக்டர் எல்லாம் அப்புறம். முதல் முதலீடு வசனம்தான். புடவைக் கடை, செல்போன் கடை, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் என்று மனப்பாட வசனம் பேசிச் சம்பளம் வாங்குகிற என் இனத்தாரே, நீங்களும் வீட்டில் ஒத்திகை பார்க்கிற ஆள் என்றால் இதைக் கொஞ்சம் படியுங்கள். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இவள் மறுபடி எழுந்து போய்விடக்கூடாதே என்று காவல் இருக்கிற நேரத்தில்தான் எழுதுகிறேன். கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அம்மி, சொரசொரப்பான தரை, காம்பவுண்டுச் சுவர் என்று பாக்கியை எங்கே தூக்கிப்போடுவது?

கவுன்சிலர்

எங்கள் அழகு சிகிச்சைக் கடைக்கு விழுப்புரத்தில் மெயின், திண்டிவனத்தில் கிளை; எனக்குப் பெரும்பாலும் கிளையில்தான் வேலை. லேசரால் முகத்தை உரிப்பது, ஆசிட் தடவி உரிப்பது, ஊசியால் குத்தி உரிப்பது, இவையெல்லாம் அன்றாடம். மாதம் ஒருமுறை பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சர்ஜன் வந்து, தாடை இல்லாதவருக்குத் தாடையும் மார்பு போதாதவருக்கு மார்பும் உள்ளே வைத்துத் தைக்க நாள் குறித்துவிட்டுப் போவார். தோல் டாக்டர் சனிக்கிழமை மட்டும். மற்ற நாளில் மெஷின் ஓட்டுகிறவன் கோபி. முன்னே போட்டோ லேமினேஷன் கடையில் இருந்தவன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், சூடு ஜாஸ்தியாச்சுன்னா சுருண்டுக்கும்" என்று எனக்குத் தைரியம் சொல்லுவான். முதலாளியை எம்.டி. சார் என்போம். அவர் முன்னே விற்றது இன்வெர்ட்டர்.

என்னை வேலைக்கு எடுத்தது என் இங்கிலீஷுக்காக. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்ததில் 'ஃப்ராக்ஷனல் ரீசர்ஃபேஸிங்' என்று மூச்சு வாங்காமல் சொல்ல வரும். அதே கான்வென்ட்டில் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் தேவதூதராக இறக்கை கட்டுகிற சம்மனசு வேஷம் எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. கலரைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வருஷமும் தொழுவத்தில் ஆடாகத்தான் நிறுத்தினார்கள். ஆகவே இந்த வேலைக்கு நான் எல்லா விதத்திலும் பொருத்தம். வருகிறவர்களிடம் பேசிப் பணம் கட்டவைப்பது என் வேலை என்பதால் என் ரூம் கதவில் 'கவுன்சிலர்' என்று போர்டு. அந்தக் கதவை எப்போதும் சாத்தக்கூடாது என்பது சட்டம். "கதவச் சாத்தினா கஸ்டமர் யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க" என்பார் எம்.டி. சார்.

என் இங்கிலீஷ் யாருக்கும் புரியவில்லை. 'மேற்பரப்பைப் புதுப்பித்தல்' என்று தமிழில் சொன்னேன், அது அதைவிட மோசம். ஒருநாள் வாசலுக்கு நேரே ரோட்டைச் சுரண்டுகிற மெஷின் நின்றது. வந்திருந்த அம்மாவுக்கு அதைக் காட்டி, "பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டா அடியில புது ரோடு பளபளன்னு வரும்ல, அதேதாங்க" என்றேன். அந்த அம்மா அங்கேயே பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதுதான் கடையின் வேதவாக்கு. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஏற்ற இறக்கத்தோடு பழகினேன். கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக் கேட்ட முதல் ரசிகை ஷைனி.

ஒருநாள் காலையில் பெரியவர் ஒருவர் கக்கத்தில் ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். கன்னமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் முழு வசனத்தையும் சொல்லி முடித்தேன். சுரண்டுவது, சமப்படுத்துவது, பளபளப்பு, ஆறு மாசத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போர்டை இன்னொரு தடவை படித்து உறுதி செய்துகொண்டு, ஃபைலிலிருந்து தெருக்காரர்கள் இருபத்தைந்து பேர் கையெழுத்துப் போட்ட மனுவை எடுத்து நீட்டினார்.

"ஜல்தியா ஆரம்பிம்மா. நீ ஒருத்திதான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்ற கவுன்சிலரு. ஆனா மொதல்ல டிச்ச வாரிட்டு அப்பறம் ரோடப் போடு."

தாடை

திண்டிவனத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் மகனைக் கூட்டிவந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பையனுக்குத் தாடையே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பையன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மாதிரித் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். சிலிகானில் செய்தது, உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றேன். கதவு திறந்தே இருந்ததால் ஹாலில் காத்திருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளேயே வந்து துண்டை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

ஹார்டுவேர்காரர் அதை மோந்து பார்த்தார். "இது நம்ம கடையிலயே கீதேம்மா. வாஷ்பேசின் சந்துல அடைக்கிறதுதான?" என்றார். இது வேற தரம் சார், உடம்புக்குன்னு செய்யறது என்றேன். வாரன்ட்டி கேட்டார். அவர் கடையில் பத்து வருஷம் தருகிறார்களாம், தண்ணீர் பட்டாலும். விலையைச் சொன்னேன். துண்டை மேஜைமேல் வைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, அவுங்க தாடை இல்லன்னு சொன்னாங்களா, தாடி இல்லன்னு சொன்னாங்களா? நல்லாக் காதுல வாங்கினியா? எதுக்கும் ரெண்டு மாசம் தாடி வளத்துக்கினு இன்னொரு தபா போய்ப் பாக்கலாம், எழுந்திரு."

எட்டாம் நாள்

கண்டாச்சிபுரத்துப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். கூலி வேலை. கன்னத்தில் இரண்டு பக்கமும் மங்கு என்கிற கருந்திட்டு. ஊரில் யாரோ நம் கடை நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார்கள். வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்கிறார், முந்தானையில் அங்கே பொறுக்கின மல்லாட்டை மூட்டை. ஒரு பிடி எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். இங்கே வருகிற எவரும் எனக்கு ஒன்றும் கொடுத்ததில்லை என்பதால் அன்று கொஞ்சம் உருக்கமாகவே வசனம் சொன்னேன்.

எல்லாம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் நிபந்தனை ஒன்று உண்டே. உரித்த பிறகு ஏழு நாள் வெயிலில் தலை காட்டக்கூடாது, அப்புறமும் இரண்டு மணிக்கு ஒருமுறை கிரீம் பூச வேண்டும் என்றேன். அவர் என்னை, என் ஏ.சி.யை, ஜன்னலில் இருந்த கறுப்பு ஸ்டிக்கரை ஒரு சுற்றுப் பார்த்தார். சிரித்தார். மேஜைமேல் வைத்த மல்லாட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, அது அவர் பெருந்தன்மை.

"ஏழு நாள் நான் நெழல்ல குந்திக்கினு இருந்தா, எட்டாம் நாளு மூஞ்சி வெள்ளையாத்தான் இருக்கும் கண்ணு, பட்டினியில வெளுத்துப்போயி."

முன்னே, பின்னே

எங்கள் கடையில் உண்மையாகவே வேலை செய்கிற கருவி ஒன்று உண்டு. அது வளையமாக எரிகிற ஒரு லைட். சிகிச்சைக்கு முன் படம் எடுப்பது மாடிப்படிக்குக் கீழே, டியூப்லைட் இமைக்கிற இடத்தில். சிரிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது. பின் படம் எடுப்பது அந்த வளையத்துக்கு முன்னால், பவுடர் போட்டு, 'உங்க கல்யாணத்த நெனச்சுக்கோங்க' என்று சொல்லி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாயே சந்தேகப்படுவாள்.

பொம்மையார்பாளையத்தில் கடற்கரை ஓரத்து கெஸ்ட் ஹவுஸில் ரூம்களைப் பார்த்துக்கொள்கிற பையன் ஒருவன் விசாரிக்க வந்தான். உப்புக்காற்றில் முகம் கருத்துப்போச்சாம். எம்.டி. சாருக்கு அன்று என்ன அவசரமோ, கட்டணம் கட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு படத்தையும் எடுத்து வைத்துவிடு, அப்புறம் பேஜாரு பண்ணுவாங்க என்றார். எடுத்தேன். பையன் கெட்டிக்காரன். என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தான். எழுந்து போய் வளையத்தைத் தொட்டுப் பார்த்தான். திரும்பி வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"மேடம், ட்ரீட்மென்ட் வேணாங்க. அந்த லைட்ட மட்டும் எங்க வாங்கினீங்கன்னு சொல்லுங்க, போய் வாங்கிக்கிறேன்."

தூசி

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

மூன்று வாரத்தில் கல்யாணம் என்று ஒரு பெண் வந்தாள். நல்ல கறுப்பு, நல்ல முகம். வசனம் சொன்னேன். பணம் கட்டினார்கள். வந்தது செவ்வாய்க்கிழமை, டாக்டர் கிடையாது. சனிக்கிழமை வரைக்கும் எதற்கு என்று எம்.டி. சார் கோபியிடம் விட்டார். சீக்கிரம் பலன் தெரியட்டுமே என்று கோபி சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டான். அந்தச் சனிக்கிழமையே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அம்மாவோடு வந்தாள். துப்பட்டாவை விலக்கினபோது நான் சுவரைப் பார்த்தேன். கன்னம் முழுக்கத் திட்டுத்திட்டாக, அடுப்புக்கரி ஒட்டின மாதிரி.

எம்.டி. சார் கொஞ்சமும் அசரவில்லை. "ரோடு போடும்போது ரெண்டு நாள் தூசி பறக்கும்ல? அதுங்க இது" என்றார். என் வசனத்தின் இரண்டாம் பாகத்தை அவரே எழுதிக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கறுத்த தோலில் இவ்வளவு சூடா என்று கோபியை இங்கிலீஷில் பிடிபிடி என்று பிடித்தார். மாறுவதற்கு மாசக்கணக்காகும் என்றார். அங்கே நின்றவர்களில் அது முழுசாகப் புரிந்தது எனக்கு மட்டும்தான். பன்னிரண்டு வருஷப் படிப்புக்கு அதுதான் உபயோகம். அந்தப் பெண்ணின் அம்மா சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. அந்தப் பழைய ரோட்லதான் இருவத்திரெண்டு வருஷமா முத்தம் குடுத்துக்கினு இருந்தேன். எனக்கு ஒரு மேடு பள்ளமும் தெரியலியே."

அன்றைக்கும் நான் வேலையை விடவில்லை. மறுநாள் காலையில் அதே வசனத்தை, 'சுரண்டி' என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

ஸ்டாஃப் ஃபேமிலி

இன்றைக்கு எனக்கு விழுப்புரம் டியூட்டி. அந்த மாதிரி நாட்களில் ஷைனியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய் வைத்துக்கொள்வது லில்லி அக்கா, என் வீட்டுக்காரரின் அக்கா. கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் டீக்கடை. தங்கமான மனுஷி. ஒரே ஒரு குறை, நான் சொல்வதை எல்லாம் நம்புவார். ஷைனி கையில் இருந்த பொருக்கைப் பார்த்ததிலிருந்து என்னைத் துளைத்துக்கொண்டே இருந்தார். "புள்ளயே ஆசப்படுது ரெஜினா. ஷைனின்னு பேரு வெச்சா மட்டும் போதுமா, பாலிஷ் போட வேணாமா? உங்க கடையில பாதி வெலைக்குப் பண்ணுவாங்கன்னு நீதான சொன்ன?" சொன்னேன்தான். ஸ்டாஃப் ஃபேமிலிக்கு ஐம்பது சதவீதம் என்று நோட்டீஸ் அடித்து எல்லாருக்கும் கொடுத்தவளே நான்தான்.

மத்தியானம் திண்டிவனம் கிளையிலிருந்து கோபி போன் பண்ணினான். "மேடம், மரத்துப்போற கிரீம் தடவணும். பாப்பா வெயிட் எவ்ளோ?"

எந்தப் பாப்பா என்றேன். சொன்னான். தொடாதே என்று கத்தினேன். "எம்.டி. சார் இங்கதான் இருக்காரு மேடம், சின்ன பீல்தான், லேசா உரிக்கறது" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. அந்தக் கிரீம் பிடிப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், தினம் பத்து பேருக்கு நானே சொல்கிற கணக்கு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஒரு மணி நேரம். ஏறி உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். வழியில் ஒரு பக்கத்தை மறித்து ரோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஊர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பழைய ரோட்டின்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. கூட்டேரிப்பட்டில் பார்த்தேன், டீக்கடையில் அக்கா வீட்டுக்காரர் மட்டும் தனியாக ஆற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஓடினபோது ஷைனி பெரிய நாற்காலியில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முகம் முழுக்க வெள்ளைக் கிரீமோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குப் பெரியவர்கள் அளவில் ஒரு காப்புக் கண்ணாடி. 'முன்' படம் எடுத்ததில் நேரம் போயிருக்கும்போல, கோபி அப்போதுதான் கிண்ணத்தில் ஆசிட்டை ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் லில்லி அக்கா செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்றார் எம்.டி. சார். "குழந்தைங்களுக்குன்னு ஒரு பேக்கேஜ் ஆரம்பிக்கறோம். நம்ம வீட்டுப் பாப்பாதான் ஃபர்ஸ்ட். ஸ்டாஃபே நம்பலன்னா கஸ்டமர் எப்படி நம்புவாங்க?"

எனக்கு ஒரு நல்ல பதில் இப்போது தோன்றுகிறது. அப்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. குழந்தையை வாரித் தூக்கினேன். வாசல் பக்கம் எம்.டி. சார் நின்றார். எதிரே என் ரூம். உள்ளே போய்க் கதவைத் தள்ளி, முதுகைக் கொடுத்து நின்றேன்.

"ரெஜினா, புள்ளைக்கு நல்லதுதான பண்றேன், கதவத் தொற!" இது லில்லி அக்கா. "மேடம், கதவு! ரூல் தெரியும்ல?" இது எம்.டி. சார். கதவு என் முதுகில் அதிர்ந்தது. நான் புடவைத் தலைப்பால் கிரீமைத் துடைத்தேன். ஷைனி தன் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். உதடு மரத்துப்போய்ப் பேச்சு குழறியது.

"மம்மி, என் கன்னத்தக் காணோம்."

இருக்குடி, இதோ இருக்கு என்று அவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்தேன். அவள் நம்பவில்லை. அப்போ புது ரோடு எப்ப வரும் என்றாள். புது ரோடு எல்லாம் ஒன்றும் இல்லை, உன்னுது நல்ல ரோடு, சுரண்டினா புண்ணுதான் வரும், அது மம்மி சொன்ன பொய் என்றேன். பொய் சொன்னால் முட்டி போட வேண்டும் என்று அவளுக்கு மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என்னை உற்றுப் பார்த்தாள்.

"கஸ்டமருக்கும் பொய்தான் சொன்னியா மம்மி?"

நான் தாழ்ப்பாளைத் தேடினேன். இருந்தது. ஒருமுறைகூடப் போடாததால் அதன்மேல் இரண்டு கோட்டு பெயின்ட் ஏறி, இருப்பதே தெரியாமல் ஒட்டிக்கிடந்தது. ஒன்றரை வருஷமாக ஊரார் தோலைச் சுரண்டச் சொல்லி வசனம் பேசின நான் அந்தக் கடையில் என் கையால் சுரண்டியது அந்தப் பெயின்டை மட்டும்தான், அதையும் நகம் பிய்யச் சுரண்டி எடுத்துவிட்டுக் கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டேன்.